கணக்கு யார் முன்னிலையில்?

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வந்தோருக்கு உதவவென்று ஓர் அறநிலையம் தோன்றுகிறது. ஈகையாளர் பொருள் தருகின்றனர். பொறுப்பாளர் அதனைச் செலவிடுகின்றனர். வந்தோர் பயன் பெறுகின்றனர். கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆயினும் ஆண்டின் இறுதியில் ஒரு கேள்வி எழுந்தே தீரும். இந்தப் பொருளின் கணக்கை யாரிடம் ஒப்புவிப்பது? தந்தவரிடமா, பெற்றவரிடமா?

"தந்தவரிடம்தான்" என்று உலகம் தயங்காமல் விடை கூறும். நடைமுறையும் அவ்வாறே இருக்கின்றது. அறிக்கைகள் தந்தவருக்கே அனுப்பப்படுகின்றன. புகைப்படங்கள் அவர் பார்வைக்கென்றே எடுக்கப்படுகின்றன. அந்த விடையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை மறந்துவிட்டால் ஈகை தன் இயல்பையே இழந்துவிடும்.

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியில் பரந்து கிடக்கும் ஏரியை எண்ணிப் பாருங்கள். திரையனேரி என்பது அதன் பழம்பெயர்; தொண்டைமான் இளந்திரையனோடு அதனைச் சேர்த்துப் பேசுவது மரபு. வெட்டுவித்தவன் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஏரி அவனுக்காக வெட்டப்பட்டதன்று. மடைக்குக் கீழே உள்ள வயல்களுக்காக வெட்டப்பட்டது. ஏரி நிறைந்ததா என்பதைக் கரைமேல் நிற்பவர் கூறிவிடலாம். நீர் வந்து சேர்ந்ததா என்பதைக் கடைமடைக்காரர்தாம் கூற முடியும். தருமத்தின் நிலையும் இதுவே.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் முதலான வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்துணைக் கண்டிப்பு! எனினும் ஒன்றை மறைத்தலாகாது. சொந்த நிலம் உடையோர்க்கே அவ்வாரியங்களில் இடம் இருந்தது. அந்நீரை நம்பி வயலில் உழைத்த நிலமற்றோருக்கு அங்கே இடமில்லை. கணக்கு இருந்தது; கடைமடையின் குரல் இல்லை.

அக்குரலுக்கு ஏன் இத்துணை மதிப்பு? மக்காவைத் துறந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்ததே. அவருக்குச் சகோதரராக இணைக்கப்பட்ட மதீனத்துத் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார். வந்தவரோ அவரை வாழ்த்திவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்; நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார். தந்தவரின் பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம். அதனோடு மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தம்மிடம் இருப்பது இன்னதென்று தந்தவர் அறிந்திருந்தார். தமக்கு வேண்டுவது இன்னதென்று வந்தவரே அறிந்திருந்தார்.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1975-இல் போர் முடிந்தபின் வியத்நாமை விட்டு வெளியேறிய மக்களில் ஒரு பிரிவினர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிழக்குப் பகுதியில் குடியேறினர். 2005-இல் கத்ரீனா புயல் அவ்வூரைச் சிதைத்தது. மறு ஆண்டே அம்மக்கள் தம் தேவாலயத்தைச் சார்ந்து வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினர். அதே 2006-இல், புயலால் குவிந்த இடிபாடுகளைக் கொட்டும் கிடங்கு அவர்கள் குடியிருப்புக்கு அருகே திறக்கப்பட்டது. அவர்கள் திரண்டெழுந்து அதனை மூடச் செய்தனர். தொலைவில் இருந்த எந்த ஈகையாளரின் பட்டியலிலும் இப்படியொரு தேவை இடம்பெற்றிருக்குமா?

தமிழகத்தில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்துக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழருக்காக, தந்தை செல்வாவின் மைந்தர் சந்திரஹாசன் முன்னின்று 1984-இல் சென்னையில் தொடங்கியது அது. அதன் தனிச்சிறப்பு, ஏதிலியரே அதன் ஊழியராகவும் இருந்தமை. முகாம்களில் கல்விப் பணியும் சத்துணவுப் பணியும் நடந்தன. 2004-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, உதவி பெற்று வாழ்ந்த அம்மக்களே தமிழகக் கடலோர மக்களுக்கு உதவச் சென்றனர். வாங்கும் கை என்றென்றும் வாங்கும் கையாகவே இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

இத்தகைய அமைப்புகள் அயல்நாட்டு நிதியை நாடும்போது அரசின் சட்டத்திற்கு உட்பட வேண்டும். 1976-இல் வந்த அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் இடத்தில் 2010-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், அந்நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற அயல்நாட்டு நிதியை மற்றொரு நிறுவனத்துக்கு வழங்கவும் தடை விதித்தது. மோசடியைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டமும் மேல்நோக்கியே கணக்குக் கேட்கிறது. முகாமில் வாழும் தாய் ஒருத்தி "இவ்வாண்டு எங்கள் பெயரால் வந்த தொகை எவ்வளவு?" என்று கேட்டால், விடை கூறவேண்டிய கடமையை அது எவர் மீதும் சுமத்தவில்லை.

"ஊழியருக்குச் சம்பளம் எதற்கு? நன்கொடை முழுவதும் ஏழைக்கே போகட்டும்" என்று சொல்வோரும் உளர். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆனால் முதிராத சொல். ஜகாத் பெறத் தகுதியுடையோர் எனத் திருமறை குறிப்பிடும் எட்டு வகையினரில், அதனைத் திரட்டிப் பங்கிடும் ஊழியரும் ஒரு வகையினர்; வழிப்போக்கரும் ஒரு வகையினர். வழிப்போக்கருக்குரிய பங்கு அவர் கையில் சேர வேண்டுமாயின் இடையே உழைக்கும் ஒருவர் வேண்டும்; அவரும் உண்டு உயிர் வாழ வேண்டும். ஊழியர் பெறும் ஊதியத்தைக் குற்றமாக எண்ணுவதை விடுத்து, அது எவ்வளவு என்று பெறுவோர் அறிந்திருக்கிறார்களா என்று கேட்பதே முறை.

தந்தவரும் பெற்றவரும் ஒருவராகவே அமைந்த நிலையும் உண்டு. நெசவு நலிந்து வாழ வழியின்றிக் கடையநல்லூரிலிருந்து கப்பலேறிய நம் மக்கள் சிங்கப்பூரில் உழைத்துப் பிழைத்தனர். அவர்கள் 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தனர். 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் உயர்ந்தது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளை நாடியமையால் மாணவர் தொகை குறைந்து 1982-இல் அது மூடப்பட்டது. ஆயினும் உமறுப் புலவர் பெயரை அந்நாட்டின் தமிழ் மொழி மையம் இன்றும் தாங்கி நிற்கிறது. தம் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குத் தாமே பொருள் தந்தவர், அதன் கணக்கைக் கேட்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

ஆனால் எல்லாச் சமூகத்திற்கும் அந்த வலிமை வாய்ப்பதில்லை. நேற்று வந்திறங்கியவரிடம் சந்தா கேட்க இயலாது; பிறர் பொருள் வேண்டியே இருக்கும். அப்போதுதான் நம் கேள்வி கூர்மை அடைகிறது. பெறுவோரைக் குழுவில் அமர்த்தினால் பூசல் விளையும் என்பர். விளையலாம். பொருள் உடையோர் மட்டும் அமர்ந்த குழுக்களில் பூசல் இல்லையா? கொடுப்பதை மறைத்துக் கொடு என்பதன்றோ நம் நெறி என்றும் கேட்பர். ஆம், பெறுபவரின் பெயரை மறைக்க வேண்டும். அது அவர் மானத்தைக் காப்பது. செலவிட்ட தொகையை மறைப்பதோ பொறுப்பாளரை மட்டுமே காக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பல இடங்களில் தவறுகள் நிழல் தேடிக்கொள்கின்றன.

தென்னேரிக்கு வெகு தொலைவில் இல்லாத ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் உழைப்பாளர் வருகின்றனர். நம் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்து நிற்போரும் அவர்களில் உளர். ரமளானில் நோன்புக் கஞ்சி தருகிறோம். பெருநாளில் உடை தருகிறோம். நல்லதே. அவர்களுக்குத் தேவையானது மருத்துவமனையில் மொழிபெயர்க்க ஒரு துணையாக இருக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு வழிகாட்டுதலாக இருக்கலாம். நாம் கேட்டோமா?

பைத்துல்மால் கணக்கு அமானிதம். அது வாசிக்கப்படும் நாளில் செல்வர் முன்வரிசையில் அமரட்டும், தடையில்லை. ஆனால் அப்பொருளால் வாழும் கைம்பெண் சார்பில் ஒருவரும், வெளியூர் உழைப்பாளி ஒருவரும் அவ்வவையில் இருக்க வேண்டும்; "இது வந்து சேரவில்லை" என்று கூறும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காத மஹல்லாவிலேயே ஈகை முழுமை பெறும்.