கூலிக்கு வாசிக்கலாமா?

சென்ற சித்திரைத் திங்களில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முன்மண்டபத்தில் அமர்ந்திருந்தேன். ஊர் அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். துணிக்கடை வைத்திருப்பவர், கொடுக்கல் வாங்கலில் நேர்மையானவர். ஏழாம் வகுப்புத் தேர்வு முடித்த தம் மகன், விடுமுறை விட்டு ஒரு வாரமாகியும் ஒரு புத்தகத்தையும் கையால் தொடவில்லை என்றும், கண் விழித்தது முதல் உறங்கும் வரை கைப்பேசியே கதியெனக் கிடக்கிறான் என்றும் வருந்தினார். பிறகு சற்றுத் தயங்கி, “ஹஸ்ரத், ஒரு புத்தகம் வாசித்து முடித்தால் ஐம்பது ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இது சரிதானா? நல்ல காரியத்தைக் காசுக்காகச் செய்யப் பழக்குகிறேனோ என்று மனசு உறுத்துகிறது” என்றார்.

சிறிய கேள்வியன்று இது. கூலி பெற்றுக்கொண்டு செய்த நன்மை நன்மைதானா, நிய்யத் எங்கே போயிற்று என்று நம் நூல்களில் பக்கம் பக்கமாக ஆராயப்பட்ட வினாவை அவர் ஐம்பது ரூபாய்க்குள் அடக்கிக் கேட்டுவிட்டார். எனக்கு உடனே விடை கூற நாவெழவில்லை. அதற்குக் காரணம் நூலறிவின் குறைவு மட்டுமன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே பேரத்தை என் வீட்டில் நானே நடத்தியிருந்தேன்.

என் இளைய மகன் அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். விடுமுறைக்குள் பத்து நூல்களை வாசித்தால் மிதிவண்டி வாங்கித் தருவதாக வாக்களித்தேன். ஆசிரியத் தொழில் செய்பவனாதலால் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் காட்ட வேண்டும் என்றும் விதித்தேன். ஆறு வாரங்களில் பத்துச் சுருக்கங்கள் வந்தன. அழகிய கையெழுத்து. நண்பர்களிடம் காட்டி மகிழ்ந்தேன். மிதிவண்டியும் வீடு வந்தது. சில மாதங்கள் கழிந்து, அவற்றுள் ஒரு கதையின் முடிவைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டபோது அவன் விழித்தான். துருவிக் கேட்டதில் உண்மை வெளிவந்தது. முதல் நான்கு பக்கங்களையும் பின்னட்டையையும் பார்த்தே பெரும்பாலான சுருக்கங்களை எழுதியிருக்கிறான். சினத்தில் கையை ஓங்கிவிட்டேன். அப்போது அவன் சொன்னது இன்றும் என் நெஞ்சில் தைத்திருக்கிறது: “வாப்பா, அதில் ஒரு புத்தகம் எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. ஆனால் சுருக்கம் எழுத வேண்டுமே என்று பாதியில் நிறுத்திவிட்டேன்.”

ஓங்கிய கை தானாகவே இறங்கிற்று. வாசிக்கப் பழக்குவதாக எண்ணிப் பொய் எழுதப் பழக்கியிருக்கிறேன் என்று அன்று உணர்ந்தேன். இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவில், பயிலும் பிள்ளைகளிடம் கடுமை காட்டுவதன் தீமைக்கென ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை சோம்பலுக்கும் பொய்க்கும் ஆளாகிறான், தண்டனைக்கு அஞ்சி உள்ளத்தில் இருப்பதை மறைத்து வேறொன்றை வெளிக்காட்டக் கற்கிறான் என்பது அவர் கருத்து. அந்த இயலை மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்தியவன் நான். பிரம்பைத்தான் கடுமை என்று எண்ணியிருந்தேனே தவிர, கணக்குக் கேட்பதும் ஒருவகைப் பிரம்பே என்பதை என் மகனிடம்தான் கற்றேன்.

கூலி பற்றிப் பிற்கால ஆராய்ச்சியும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பங்கொண்ட சிறுவர்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் நட்சத்திரமும் நாடாவும் கொண்ட நற்சான்றிதழ் தருவோம் என முன்கூட்டியே வாக்களித்தனர். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் வைத்திருந்து, வரைந்த பின் அதையே கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பேனாக்களை அவர்கள் போக்கில் விட்டுப் பார்த்தபோது, வாக்களித்துப் பரிசு பெற்ற பிள்ளைகளே மற்றவர்களைவிடக் குறைவாக அவற்றை நாடினர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அவ்வாறு விருப்பம் குன்றவில்லை. லெப்பரும் அவருடைய துணைவர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இது. விரும்பிச் செய்ததற்குக் கூலி பேசினால், அச்செயல் பிள்ளையின் மனத்தில் வேலையாக மாறிவிடுகிறது போலும்.

அவ்வாறாயின் பரிசே கூடாது என்று கூறிவிடலாமா? அங்கேதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் குறுக்கே வந்து நிற்கிறார்கள். இஹ்யாவில் உள்ளத்தைப் பண்படுத்துவது பற்றிய பகுதியில் அவர்கள் ஓர் உவமை தருகிறார்கள். மக்தபுக்குப் போக மறுக்கும் சிறுவனுக்கு முதலில் பந்தும் மட்டையும் காட்டி ஆசையூட்டுவார்கள். பிறகு அழகிய ஆடை, அதன்பின் பதவியும் மதிப்பும், கடைசியில் மறுமை. இப்படி ஒரு விருப்பத்திலிருந்து மேலான இன்னொன்றுக்குப் படிப்படியாக அவனை நகர்த்துவதுபோல நம் உள்ளத்தையும் நகர்த்த வேண்டும் என்பது அவர்கள் கூற்றின் சாரம். பந்தைக் காட்டியதற்காக அந்தத் தந்தையை இமாமவர்கள் பழிக்கவில்லை. பருவமடையாத பிள்ளையின் மீது மார்க்கச் சட்டமே சுமத்தப்படவில்லையே. அவனிடம் ஆலிம்களுக்குரிய தூய நிய்யத்தை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஆனால் அந்த ஏணியில் ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும் என்பதை நாம் மறக்கிறோம். பந்தைக் காட்டினோம், சிறுவன் வந்தான்; அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய பந்தைக் காட்டுகிறோம். மிதிவண்டிக்குப் பின் கைப்பேசி, கைப்பேசிக்குப் பின் இன்னும் விலையுயர்ந்த கைப்பேசி. நடந்தது இவ்வளவே. பண்டம்தான் பெரிதாயிற்று, படி ஏறவில்லை.

வாசிப்புக்கு மட்டும் கூலி பேச வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. குர்ஆனை ஓதுகிறோம், பள்ளிப் பாடத்தைப் படிக்கிறோம், கதையையும் பத்திரிகையையும் வாசிக்கிறோம். அரபியில் ‘கரஅ’ என்னும் ஒரே வினைச்சொல் ஓதுதலையும் வாசித்தலையும் குறிக்கும். அருளப்பெற்ற முதற்சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. நாமோ ஒன்றை மூன்றாக்கினோம். ஓதினால் நன்மை உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லித் தந்தோம். படித்தால் மதிப்பெண் உண்டு என்று சொல்லித் தந்தோம். மூன்றாவதற்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை, செய்தும் காட்டவில்லை. ஆகவே அவன், இதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்கிறான். கேள்வியில் பிழையில்லை.

விடுமுறைதானே, வாசிக்காவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். விடுமுறை பிள்ளையின் உரிமை என்பதில் எனக்கும் ஐயமில்லை. பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாமல் தடுத்து இடையறாது கற்பித்தால் அவன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும் என்று எச்சரித்தவர்களும் கஸ்ஸாலி இமாமே. கோடையில் காலையொரு வகுப்பு, மாலையொரு வகுப்பு என்று பிள்ளைகளை விரட்டும் பெற்றோர் இதைக் கேட்டால் நன்று. எனினும், பார்பரா ஹெய்ன்ஸ் என்னும் அறிஞர் அட்லாண்டா நகரப் பள்ளிகளை ஆராய்ந்து 1978-இல் வெளியிட்ட நூல் ஒன்றைக் கூறுகிறது. பள்ளி நடக்கும் மாதங்களைவிடக் கோடை விடுமுறையிலேதான் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையிலான தொலைவு கூடுகிறது. அவ்விடுமுறையில் எத்தனை நூல்களை வாசித்தார்கள் என்பது அவர்களின் முன்னேற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது. பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அது மூடியிருக்கும் நாள்களில் வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்கு.

வீட்டில் என்ன இருந்தது என்று என் இளமையை நினைத்துப் பார்க்கிறேன். 1980-ஆம் ஆண்டுக் கோடை. எனக்கு வயது பத்து. என் பாட்டியார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆனால் நண்பகல் உணவுக்குப் பின் அண்டை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் உள்முற்றத்தில் கூடுவார்கள். பாட்டியார் ‘நூறு மசலா’வை எடுத்து இராகத்தோடு வாசிப்பார். மசலா என்றால் வினா. இளவரசி விடுகதைபோல் வினாக்களைத் தொடுக்க, அவளை மணக்க வந்தவன் விடை கூற வேண்டும். வினாவை வாசித்து முடிக்கவும் அஸர் பாங்கு கேட்கவும் சரியாக இருக்கும். உடனே ஏட்டை மூடிவிட்டு ஒளூச் செய்ய எழுந்துவிடுவார். விடை நாளைக்குத்தான். எனக்குப் பொறுக்காது. அவர் தொழுது முடிப்பதற்குள் அந்தப் பழைய ஏட்டைத் திறந்து, எழுத்துக் கூட்டி, விடையைத் தேடிப் பிடித்துவிடுவேன். இடையிலே பத்துச் சொற்களுக்குப் பொருள் விளங்காது. என்ன வாசித்தாய் என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் நிறுத்தினாரோ என்று இப்போது தோன்றுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை.

எனக்கும் அங்கே கூலி கிடைத்தது. அந்த விடைதான் கூலி. அது ஏட்டுக்கு உள்ளேயே இருந்தது; வேறு யாரும் தர வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளவும் முடியாது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது மூன்றாம் வகுப்பு வரையில்தான். 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிடும் அளவுக்கு அவருடைய தமிழ் வளர்ந்ததெல்லாம் பள்ளிக்கு வெளியேதான். அந்த வளர்ச்சிக்கு யார் விலை பேசியிருக்க முடியும்?

துணிக்கடை அன்பரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. மகனின் மிதிவண்டிக் கதையை மட்டும் சொன்னேன். பிறகு, “வாக்களித்துவிட்டீர்கள், வாக்கை முறிக்க வேண்டாம். அந்தப் பணத்தைக் கொடுங்கள். ஆனால் கணக்குக் கேட்காதீர்கள். நாளைக்கே அவனை அழைத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போங்கள். அவன் எதை எடுக்கிறானோ எடுக்கட்டும், படக்கதையானாலும் சரி. நீங்களும் ஒன்று எடுங்கள்” என்றேன்.

“நூலகத்துக்குக் கட்டணம் எவ்வளவு ஹஸ்ரத்?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினராக வேண்டும், அவ்வளவே. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது; இந்திய மாகாணங்களில் இதுவே முந்தியது. அதன் வழியே வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது. ஆண்டுதோறும் தாம் செலுத்திவரும் ஒன்றின் பயனை ஒருநாளும் பெறாதவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்தோறும் சென்றார்கள். இன்று நூலகம் தெருமுனையில் இருக்க, நாம் போவதில்லை.

வரியைப் பற்றிச் சொன்னதைவிட, நீங்களும் ஒன்று எடுங்கள் என்றதுதான் அவரை அதிரவைத்தது. “நானா? பள்ளிக்கூடத்தை விட்டபின் புத்தகத்தைத் தொட்டே முப்பது வருஷமாகிறதே!” என்றார். ‘அதைத்தான் உங்கள் மகன் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். என் வீட்டிலும் நான் அரபுக் கிதாபுகளைப் பாடத்துக்காகப் புரட்டியதைத்தான் என் மகன் கண்டிருக்கிறான். சிரித்துக்கொண்டே ஒரு நூலை வாசித்ததைக் கண்டதில்லை.

வைகாசி பாதியில் அவரை மீண்டும் சந்தித்தேன். மகன் பாம்புகளைப் பற்றிய ஒரு நூலை எடுத்து வந்தானாம். “பாம்பைப் படித்து என்ன ஆகப் போகிறது?” என்று சலித்துக்கொண்டார். இரவில் நூல் விற்போர் கடைகளை வாடகைக்கு எடுத்து வாசித்தார் என்று சொல்லப்படும் பஸராவின் ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிப் பல பாகங்களில் எழுதியதையும், பாம்புகளைக்கூட அவர் விடாததையும் சொன்னேன். வியப்போடு கேட்டுக்கொண்டார். தாம் எடுத்து வந்த நூலைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்திருப்பதாகவும், ஆள் வராத பிற்பகலில் வாசிப்பதாகவும், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நிற்பதாகவும் வெட்கத்தோடு கூறினார். மகன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.