வெயிலும் நியாயமும்

சூரியனுக்குப் பட்சபாதம் இல்லை என்று நம்மவர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. அரசன் தலையிலும் ஆண்டி தலையிலும் அவன் ஒரே விதமாகத்தான் காய்கிறான் என்பது அதன் கருத்து. கேட்பதற்கு இஃது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு வெட்டவெளியில் நிற்பவர் யார், நில்லாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சமத்துவம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. காய்வது சூரியனுடைய செயல். இன்னார் வெயிலில் நிற்க, இன்னார் நிழலில் இருக்க என்பதோ மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்த ஏற்பாட்டுக்கு மனிதனே பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

நான் பண்டமாரானில் குடியிருப்பவன். கிள்ளான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி. எங்கள் பக்கத்தில் பாலைவனம் கிடையாது. அருகிலேயே துறைமுகமும் கடலும் இருக்கின்றன; மழைக்கும் பெரும்பாலும் குறைவில்லை. ஆயினும் ஈரம் மிகுந்த இக்காற்றில் வியர்வை வழிகிறதேயன்றி எளிதில் உலருவதில்லை. உடற்சூட்டைத் தணிப்பது வியர்வை வழிவதன்று, அது உலர்வதேயாகும். ஆதலால் வறண்ட தேசத்தில் மிகுந்த உஷ்ணம் செய்யும் தீங்கை, இங்கே அதனினும் குறைந்த உஷ்ணமே செய்துவிடும். பகல் உஷ்ணம் தொடர்ந்து மூன்று நாட்கள் 35 டிகிரி செல்சியஸை எட்டினாலே மலேசிய வானிலை இலாகா முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானதும் உண்டு.

தோட்டத்தில் வெயிலைப் பற்றி யாரும் சிந்தித்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கித்தாக் காலத்தில் வெகுவாகச் சிந்தித்தார்கள். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பொழுது புலருமுன் பெரட்டில் நின்று, இருட்டோடு இருட்டாகப் பால்வெட்டப் போனார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பாலோட்டம் குறைந்துவிடும்; குளிர்ந்த வேளையில்தான் நெடுநேரம் சொட்டும். ஆகவே மரத்தின் சௌகரியத்தை முன்னிட்டு வேலை நேரம் விடியற்காலைக்கு வைக்கப்பட்டது. அந்தச் சௌகரியத்தில் ஒரு சிறு பங்கு தற்செயலாய் மனிதனுக்கும் கிடைத்தது. பின்னர்ச் செம்பனை வந்தது. அதன் குலைக்கு வெயில் ஒரு பொருட்டன்று. எந்நேரம் வெட்டினாலும் குலை குலைதான். மரம் கேட்காமற் போகவே, வேலை நடுப்பகலுக்கும் நீண்டது. மரத்துக்காக ஒதுக்கிய காலைக் குளிர்ச்சியை மனிதனுக்காகவும் ஒதுக்கினால் என்ன என்று கேட்பார் இல்லை. கணக்கெழுதும் எனக்கும் அது தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஒரு மாதத்தில், குலை வெட்டும் வங்காள தேசத்து இளைஞன் ஒருவன் பதினொரு மணிக்கே காட்டை விட்டு வந்து ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டான். தலை சுற்றுகிறது என்று மலாய் மொழியில் சொன்னான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த நான், செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே அரைநாள் என்று குறித்தேன். வழக்கம் அப்படி; எழுதும்போது என் கை தயங்கவில்லை. அன்று மாலையே அவன் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். இவ்வளவு வெயிலில் வேலை வாங்கலாமா என்று மேலதிகாரியிடம் மெல்லக் கேட்டேன். “அவர்கள் ஊர் இதைவிடச் சூடு. பழகிய உடம்பு” என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் புதியதன்று. அதையேதான் துரைமார் காலத்தில் என் பாட்டனைப் பற்றியும் சொன்னார்கள். தமிழன் வெயிலுக்கென்றே பிறந்தவன் என்றார்கள். அதைக் கேட்டு நாம் மனம் புழுங்கினோம். இன்று லயத்தில் நம் இடத்துக்கு வேறொருவன் வந்து சேர்ந்ததும், அதே வார்த்தையை நம் வாயால் சொல்லத் துணிகிறோம்! உடம்பு வெயிலுக்கு ஓரளவு பழகும் என்பது மெய். வைத்தியர்களும் அதை ஒப்புகிறார்கள். ஆனால் அப்பழக்கத்துக்கு எல்லையுண்டு. உள்ளே மூளும் சூடு வெளியேற வழியில்லையானால், எந்த ஊரில் பிறந்த உடம்பும் வீழ்ந்துதான் தீரும்.

பொறுமை பெரிய குணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவன் தானே விரும்பி ஏற்கும் துன்பத்தைப் பொறுத்தால் அது குணம். கூலி குறையுமே என்று அஞ்சிப் பொறுப்பவனிடத்தில் நாம் காண்பது குணமா, வேறு வழியின்மையா? அதனைக் குணமென்று போற்றுகிறவன் பெரும்பாலும் நிழலில் இருப்பவனே என்பதையும் கவனிக்க வேண்டும்.

மெய்யான பாலைவன நாடுகளில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகத் தெரியும். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21ஆம் தேதி 53.9 டிகிரி பதிவாயிற்று. அத்தேசங்களில் வசதியுள்ளவன் குளிரூட்டிய வீட்டிலிருந்து குளிரூட்டிய வண்டிக்குப் போகிறான். இராமநாதபுரத்திலிருந்து போன பிள்ளை சாரத்தின்மேல் நிற்கிறான். 2024ஆம் ஆண்டு ஹஜ் யாத்திரையின்போது மக்காவில் உஷ்ணம் 51.8 டிகிரி வரை ஏறியது. அவ்வாண்டு 1,301 யாத்திரிகர்கள் மாண்டார்கள் என்று சவூதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்து, தகுந்த நிழலும் ஒதுங்கிடமும் இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள் என்றும் அவ்வறிக்கையே கூறிற்று. வானத்தில் இருந்தது ஒரே சூரியன். சீட்டு இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே இருந்த தூரம் மனிதர் வகுத்தது.

அப்படியானால் பரிகாரம் யாது? இரக்கம் என்பார் சிலர். தமிழ்நாட்டில் கோடைதோறும் தண்ணீர்ப் பந்தல் வைத்து மோர் வார்ப்பது பழைய தருமம். அதை நான் இகழவில்லை. தாகத்தில் குடித்தவன் அதன் அருமையை அறிவான். ஆயினும் வைத்தவன் மனம் மாறினால் பந்தல் பிரிந்துபோகும். குடித்தவனும் கைகூப்பி நிற்கவேண்டும்.

இதற்கு மாறான ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பட்டணத்தை வகுத்த ராபிள்ஸ், கடைவீடு ஒவ்வொன்றின் முன்னும் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென்று விதித்தார். அவ்வழக்கம் மலாயாப் பட்டணங்களுக்கும் பரவிற்று. நாம் அஞ்சடி என்று அழைப்பது அதுவே. கிள்ளான் கடைத்தெருவில் அஞ்சடியில் ஒதுங்கும் கூலியாள் கடைக்காரனுக்கு நன்றி சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த நிழல் அவனுக்கு உரியது. விதித்தவர் தயாளரா அல்லரா என்பதுகூட இங்கே கேள்வியன்று. விதி நின்றது; நிழலும் நின்றது.

உழைப்பு நேரத்துக்கும் அஞ்சடி போன்ற விதி வேண்டும். கத்தார் அரசாங்கம் 2021இல், ஜூன் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலை கூடாதென்று கட்டளையிட்டது. உலகத்தார் கண்டித்த பிறகே அது நடந்தது என்றாலும், நடந்தது நன்றே. நம் நாட்டில் 2016இல் வேலையிட வெப்பத்தைப் பற்றி அரசாங்க இலாகா ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வழிகாட்டி நல்லதே. ஆனால் கேளாதவன் செவியில் அதனை ஏற்றுவதற்குக் கட்டளையன்றோ வேண்டும்?

பாலைக்கென்று தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கொண்ட கருத்து. மழை பெய்யும் கிள்ளானிலும் பாலை உண்டாகலாம் என்பதை அன்று அந்தத் தாழ்வாரத்தில் நான் கண்டேன். அதை உண்டாக்கியதில் என் பேனாவுக்கும் பங்கு இருந்தது. உச்சிவேளையில் வேலையை நிறுத்தவும், விடியற்காலையில் தொடங்கவும், வெயிலால் தளர்ந்தவனுக்கு முழு நாள் குறிக்கவும் வேண்டுமென்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன்.

வாசகத் தோழர்களே! நாளை நண்பகலில் உங்கள் பொருட்டு வெயிலில் நிற்பவர் யாரென்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு அவர்மேல் இரக்கம் பிறக்கலாம். அந்த இரக்கத்தோடு நின்றுவிடாமல், அவருக்குரிய நிழலைக் கேட்க அவரோடு சேர்ந்து குரல் கொடுங்கள்.