கற்பனைப் பூதமும் மாற்றுயிரும்: மட்டாஞ்சேரிக் காப்பிரி முத்தப்பனை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அச்சம் உருவம் கொள்ளும்போது பூதம் பிறக்கிறது. அவ்வுருவம் அஞ்சுவோரின் வெறுங்கற்பனையா, அவர்தம் செயலின் நிழலா என்பது இலக்கியமும் வழக்காறும் ஒருங்கே எழுப்பும் வினாவாகும். வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' (1954) புதினத்தில் வரும் கொடுவிலங்கு, கொச்சி மட்டாஞ்சேரியின் காப்பிரி முத்தப்பன், சிலப்பதிகாரம் கூறும் சதுக்கப்பூதம் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதினத்தின் கொடுவிலங்கு

ஆளில்லாத் தீவில் சிக்கிய சிறுவர்கள் கொடுவிலங்கொன்று அங்கு உலவுவதாக நம்புகின்றனர். மலையுச்சியில் கிடக்கும் வான்குடை வீரனின் பிணத்தையே அவ்விலங்கெனக் கருதி அஞ்சுகின்றனர். வேட்டையாடுவோர் பன்றியின் தலையைக் கழியில் நட்டு அதற்குப் படையலிடுகின்றனர். விலங்கு தங்களுள்ளேயே இருக்கலாம் என முன்பே ஐயுற்ற சைமன், உண்மையைக் கண்டறிந்து அதனைச் சொல்ல வருகிறான். ஆட்டவெறியில் இருந்தோர் அவனையே விலங்கெனக் கொண்டு கொன்றுவிடுகின்றனர். இல்லாத பூதத்திற்கு உண்மையான உயிரொன்று ஈடாகிறது. தம் கொடுமையைப் புறத்தே நிறுத்தி அஞ்சுவோர் அக்கொடுமையைத் தடையின்றிச் செய்ய வல்லவராவர் என்பதே இக்குறியீட்டின் உட்பொருள் எனலாம்.

காப்பிரி முத்தப்பன்

போர்த்துக்கீசியர் தம் ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கொச்சிக்குக் கொண்டுவந்தனர். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். நகரை விட்டு நீங்கிய போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதனைக் காக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் என்றும், சுவரில் வைத்துக் கட்டினர் என்றும் வாய்மொழி வழக்கு கூறுகிறது. அவ்வாறு இறந்தோரின் ஆவியே காப்பிரி. மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கில் உள்ள சிறு வழிபாட்டிடத்தில் சமய வேறுபாடின்றி மக்கள் மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். கள்ளும் சுருட்டும் படைக்கும் வழக்கமும் உண்டு. வழிதவறியோர்க்கு வழிகாட்டுபவர் என்பதும் நம்பிக்கை.

புதினத்தில் அச்சம் கொலைக்கு இட்டுச் செல்கிறது. இங்கோ கொலை அச்சத்திற்கும், பின் வணக்கத்திற்கும் இட்டுச் செல்கிறது. கொலையுண்டோரைத் தெய்வமாக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. காத்தவராயன், மதுரைவீரன், முத்துப்பட்டன் வழிபாடுகள் இதற்குச் சான்றாகும். எனினும் இத்தெய்வங்கட்குப் பெயரும் கதையும் உண்டு. காப்பிரி என்பதோ இனம் சுட்டி அயலார் இட்ட பொதுச்சொல், ஆளின் பெயரன்று. கொன்றோர் ஆவியாய் அலையவில்லை, கொல்லப்பட்டவரே அலைகின்றார். இறந்த பின்னும் கொன்றோரின் பொருளுக்குக் காவல் நிற்கும் கடமை அவரை விடவில்லை.

சதுக்கப்பூதம் தரும் அளவுகோல்

சிலப்பதிகார அடைக்கலக் காதையில், பொய்க்கரி கூறியவனைப் பூதம் பற்றிக்கொள்ள, கோவலன் அவனுக்கு ஈடாகத் தன்னுயிரைத் தர முன்வருகிறான். தீயவன் உயிருக்கு நல்லவன் உயிரை ஏற்பது அறமன்று எனப் பூதம் மறுத்துவிடுகிறது. இப்பூதம் செயலுக்கு உரியவனையன்றிப் பிறரைத் தீண்டுவதில்லை. இவ்வளவுகோலால் நோக்கின் சைமனும் காப்பிரியும் பிறர் செயலுக்கு ஈடாக்கப்பட்ட மாற்றுயிர்களே.

வழிபடுவோர் அக்கொலையைச் செய்தவரல்லர். ஆதலின் அவர்மீது குற்றம் சுமத்தலாகாது என ஒரு மறுப்பு எழலாம். அது நேர்மையான மறுப்பே. பெயரற்றோரின் நினைவை ஏடுகளைவிட நெடிது காத்தது அவர்தம் மெழுகுவத்தியே என்பதும் மறுக்கவியலாதது. ஆயினும் கொடுமை முழுவதையும் கப்பலேறிச் சென்ற அயலார் மீது ஏற்றும் கதை மற்றொன்றை மறைக்கவும் கூடும். டச்சுக்காரரும் அடிமை வணிகம் செய்தனர். மண்ணின் மக்களையே உழவடிமைகளாக விற்கும் வழக்கம் இந்நாட்டில் நிலவியது. கொச்சி அரசு 1854இலும் திருவிதாங்கூர் அரசு 1855இலுமே அடிமை முறையை ஒழித்தன. கொடுவிலங்கைத் தீவின் மலையில் தேடிய சிறுவர்களின் பிழை இங்கும் நிகழ இடமுண்டு.

முடிவுரை

கற்பனைப் பூதம் பொய்யன்று. அது இடம் மாற்றி வைக்கப்பட்ட உண்மை. அதனை அஞ்சுவதும் வணங்குவதும் எளிது. அது யாருடைய செயலைச் சுமக்கிறது என வினவுவதே அரிது. புதையலைக் கேட்டு வேண்டும் வரை காப்பிரி அடிமையாகவே நிற்கிறார். அவருக்கு நேர்ந்ததைக் கேட்கும்போதே காவலினின்று விடுபடுகிறார் எனலாம்.