மனம் ஒட்டாத நாளில் கோவிலுக்குப் போகலாமா?



"பூசைக்குப் போகிறேன், மனம் அங்கே நிற்கவில்லை. முழந்தாளிடுகிறேன், நெஞ்சில் ஓர் அசைவுமில்லை. உள்ளே விசுவாசம் அவிந்த அடுப்பாய்க் கிடக்க, வெளியே கைகூப்பி நிற்பது வேஷமல்லவா? அதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவது யோக்கியமல்லவா?" இப்படி நினைப்பவர்கள் பலர், வாய்விட்டுச் சொல்பவர்கள் சிலர். காலேஜில் படிக்கும் மகன் இதைச் சொன்னால் தகப்பனார் கோபிக்கிறார். ஆனால் அதே கேள்வியை அவரும் தம் மனதுக்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறாரோ!

இக்கேள்வியை அதட்டி அடக்குவது சரியல்ல. ஞாயிறு பூசை காண்பது திருச்சபையின் கட்டளை என்பது மெய்தான். ஆனால் இவர் கேட்பது கட்டளையைப் பற்றியல்ல, உண்மையைப் பற்றி. பொய்யாய் நடக்கக்கூடாதென்று ஒருவன் அஞ்சுவது நல்ல அச்சமே. உதட்டினால் தேவனைப் புகழ்ந்து இருதயத்தால் தூர நிற்பவர்களை நமது ஆண்டவரே கண்டித்தாரல்லவா? ஆகையால் பொறுமையாய் ஆராய்வோம்.

வேஷம் எது?

சுவிசேஷத்தில் வரும் பரிசேயன் எதனால் வேஷக்காரன் ஆனான்? அவன் நெஞ்சு வறண்டிருந்ததாலா? இல்லை. மனிதர் காணவேண்டுமென்று ஜெபித்தான்; தன்னிடம் இல்லாத புண்ணியத்தை உண்டென்று காட்டினான். ஆனால் கடைசி வரிசையில் வந்து நின்று, "ஆண்டவரே, என்னிடம் ஒன்றுமில்லை" என்கிறவன் எதைக் காட்டுகிறான்? இல்லாததை இல்லையென்றே ஒப்புக்கொள்ளுகிறான். அவன் நிற்கும் இடம் ஆயக்காரனுக்குப் பக்கத்தில்தான்.

காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளைக்காக நடுராத்திரியில் எழுந்து கஞ்சி வைக்கும் தாயைப் பாருங்கள். அந்நேரம் அவள் கண்ணில் தூக்கம், உடம்பில் அலுப்பு, நெஞ்சில் இனிமையான உணர்ச்சி ஒன்றுமில்லை. அதனால் அவள் அன்பு வேஷமாகுமா? உணர்ச்சி வேறு, அன்பு வேறு. அதுபோலவே உணர்ச்சி வேறு, விசுவாசம் வேறு.

இதைத் திருச்சபை தெளிவாய்ச் சொல்லியிருக்கிறது. அர்ச். 10-ம் பத்திநாதர் பாப்பரசராயிருந்த காலத்தில், 1905-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அடிக்கடி நன்மை வாங்குவதைப் பற்றி ஓர் ஆணை வெளியாயிற்று. அது கேட்டவை இரண்டே: சாவான பாவமில்லாத ஆத்துமமும், நேர்மையான கருத்தும். வெறும் வழக்கத்துக்காகவோ, வீண்பெருமைக்காகவோ, பிறர் பார்வைக்காகவோ வராமல், தேவனைப் பிரியப்படுத்தவும், தன் பலவீனத்துக்கு அவரிடம் மருந்து தேடவும் வருவதே நேர்மையான கருத்து. உருக்கமும் கண்ணீரும் வேண்டுமென்று அந்த ஆணை நிபந்தனை போடவில்லை. நோயாளி நோயோடுதான் வைத்தியனிடம் போகவேண்டும்.

அப்படியானால் வேஷம் என்பதே இல்லையா? உண்டு. அநியாய வட்டி வாங்கி, வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்து, திருந்தும் எண்ணமே இல்லாமல், ஊரார் மதிப்புக்காக முதல் வரிசையில் நிற்பது வேஷந்தான். விசுவாசத்தை மனதார மறுத்துவிட்டு, விசுவசிப்பவனைப்போல் நன்மை வாங்குவதும் தவறுதான். ஆனால் அப்படி மறுத்தவனுங்கூட வந்து உட்கார்ந்து கேட்கலாம். கோவில் கதவு அவனுக்கும் திறந்தே இருக்கிறது.

வேறு வேலையில்லாமல் வந்த வாலிபன்

பவுல் குளோதெல் என்பவர் பிரான்சு தேசத்துப் பெரிய கவி, நாடக ஆசிரியர், பல தேசங்களில் அரசாங்கத் தூதராயிருந்தவர். 1868-ம் ஆண்டில் பிறந்த அவர் சிறுவயதில் முதல் நன்மை வாங்கியதோடு சரி. பின்பு வேதத்தை விட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரியும் இந்தச் சடவுலகத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை என்பதே அக்காலத்துப் படிப்பாளிகள் பலருடைய கொள்கை. அதையே அவரும் நம்பினார். நம்பி, மனம் கசந்திருந்தார்.

1886-ம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளன்று, 18 வயது வாலிபராகிய அவர் பாரிஸ் பட்டணத்தில் நோத்ர் தாம் என்னும் தேவமாதா பேராலயத்துக்குப் போனார். ஜெபிக்கவல்ல, தாம் எழுதத் தொடங்கியிருந்த எழுத்துக்கு அங்கே நடக்கும் சடங்குகள் ஏதாவது சரக்குத் தருமா என்று பார்க்க! காலைப் பூசையில் அவருக்குப் பெரிய சந்தோஷமொன்றுமில்லை. வேறு வேலையில்லாததால் மாலை ஜெபத்துக்கு மறுபடியும் வந்தார். ஒரு தூணருகே கூட்டத்தோடு நின்றார. அப்போது பாடகர் சிறுவர் தேவமாதாவின் மாக்னிபிக்காத் கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அது இன்ன பாட்டென்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த நொடியிலே இருதயம் அசைந்தது, விசுவாசம் வந்தது என்று அவரே பிற்பாடு எழுதினார்.

அன்று மாலை, தம் சகோதரியிடமிருந்த வேதாகமத்தைத் திறந்தார். கண்ணில் பட்டது எம்மாவுஸ் ஊருக்குப் போன இரண்டு சீஷருடைய வரலாறு. நம்பிக்கை இழந்து எருசலேமைவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கூட நடந்தவரை வழியெல்லாம் அறியாமல், அவர் அப்பத்தைப் பிட்டபோதே அறிந்தார்கள்.

இத்தோடு கதை முடிந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். இனிமேல்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்த ஒரு நாளின் ஒளி அவருடைய பழைய கொள்கைகளையெல்லாம் ஒரேயடியாய் ஓட்டிவிடவில்லை. நாலு வருஷம் தமக்குள்ளே போராடினார். சிநேகிதர் நகைப்பார்களே என்ற வெட்கமும் அவரைப் பிடித்து நிறுத்திற்று. அக்காலத்தில் அவர் என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே பேராலயத்துக்குப் போய் நின்றார். வாரநாட்களிலும் முடிந்தபோதெல்லாம் போனார். திருவழிபாடே அவர் படித்த பள்ளிக்கூடம். கடைசியில் 1890-ம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளில், அதே பேராலயத்தில், தம் வாழ்நாளில் இரண்டாம் முறையாக நன்மை வாங்கினார். 1955-ம் ஆண்டு பெப்ருவரி 23-ந் தேதி இறந்தார். அன்று விபூதிப் புதன்கிழமை.

அவருக்கு ஒரு நொடியில் கிடைத்தது நம் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. அது தேவனுடைய இலவசக் கொடை. ஆனால் அந்த நாலு வருஷத்தில் அவர் செய்தது நம் எல்லோராலும் ஆகக்கூடியது.

காலங்கள் நம்மைத் தேடி வருகின்றன

உழவன் மழையை உண்டாக்குகிறதில்லை. நிலத்தை உழுது போடுகிறான். மழை தன் காலத்தில் வருகிறது. உழாத கட்டாந்தரையில் எவ்வளவு மழை பெய்தாலும் வழிந்தோடிவிடும். நாம் மனமில்லாமல் கோவிலுக்குப் போகும் நாட்கள் உழுகிற நாட்கள்.

திருச்சபையின் வருஷத்தைக் கவனியுங்கள். நம் மனநிலையைக் கேட்டுக்கொண்டு அது வருகிறதில்லை. ஆகமன காலம் ஊதா உடையோடு வந்து, காத்திருக்கக் கற்பிக்கிறது. கிறிஸ்மஸ் வந்து, தேவன் குழந்தையாய் வந்தாரென்கிறது. போன வருஷத்துக் குருத்தோலை சாம்பலாகி, விபூதிப் புதன்கிழமை நம் நெற்றியில் ஏறுகிறது. அன்று கையில் பிடித்து ஆரவாரித்த அதே ஓலை! பின்பு நாற்பது நாள் தபசு, ஒருசந்தி, சுத்தபோசனம். பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது. பீடம் வெறுமையாய் நிற்கிறது. வறண்ட நெஞ்சுள்ள சகோதரரே, அந்த வெறும் பீடத்தைப் பாருங்கள். உம்முடைய வறட்சிக்கும் திருச்சபையின் வருஷத்திலே ஓர் இடம் இருக்கிறது. பெரிய வெள்ளியின் வழியாய்த்தான் பாஸ்கு வருகிறது. தபசுக்கு நாற்பது நாள் தந்த தாய், சந்தோஷத்துக்கு ஐம்பது நாள் தருகிறாள்.

எல்லா உணர்ச்சியும் ஒரே நாளில் வரவேண்டுமென்று திருச்சபை கேட்கவில்லை. இவ்வருஷம் தபசுகாலம் உம்மைத் தொடாமல் போகலாம். அடுத்த வருஷம் மறுபடியும் வரும்.

பாஸ்கு இரவின் கேள்வி

பாஸ்குத் திருவிழிப்புச் சடங்கை வெகுகாலம் சனிக்கிழமை காலையிலேயே, பட்டப்பகலில், சில பேரோடு நடத்திவந்தார்கள். 1951-ம் ஆண்டில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அதை மறுபடியும் இரவுக்கு மாற்ற இடங்கொடுத்தார். அப்போதுதான் விசுவாசிகள் எல்லோரும் ஞானஸ்நான வார்த்தைப்பாடுகளைப் புதுப்பிக்கும் சடங்கும் அதில் சேர்ந்தது. இன்றும் அப்படியே நடக்கிறது. இருட்டிலே பாஸ்குத் திரி ஒன்று எரிகிறது. அதிலிருந்து ஒருவர் திரி மற்றவர் திரிக்கு நெருப்புக் கொடுக்கிறது. குருவானவர் கேட்கிறார்: பசாசை விட்டுவிடுகிறீர்களா? பிதாவை, சுதனை, இஸ்பிரீத்துசாந்துவை விசுவசிக்கிறீர்களா?

"உணருகிறீர்களா?" என்று அவர் கேட்கவில்லை. "விசுவசிக்கிறீர்களா?" என்றே கேட்கிறார். குழந்தையாயிருந்தபோது நமக்காக ஞானத்தாய் தகப்பன் சொன்ன பதிலை, அன்று நாமே சொல்லுகிறோம். தன் திரி அவிந்துபோனவன் வெட்கப்பட்டு வெளியே ஓடுகிறதில்லை. பக்கத்திலிருப்பவரிடம் நீட்டிக் கொளுத்திக்கொள்ளுகிறான். நாம் கூடி வருகிறதின் பலன் இதுதான். ஒருவனுடைய விசுவாசம் தணியும்போது மற்றவர்களுடைய விசுவாசம் அவனைத் தாங்குகிறது. வீட்டிலிருந்துவிட்டால் யாரிடம் திரியை நீட்டுவான்?

ஆகையால், பெற்றோரே, உங்கள் மகன் "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று சொன்னால், வேஷக்காரனென்றும் வேதத்தை விட்டவனென்றும் ஏசாதீர்கள். "எனக்கும் அப்படி நாட்கள் உண்டு, தம்பி; ஆனாலும் போகிறேன். நீயும் என் பக்கத்தில் வந்து நில்" என்று சொல்லுங்கள். வீட்டிலேயும் காலங்கள் தெரியட்டும்: தபசுகாலத்தில் ஒரு ஆசையை விட்டு, அந்தக் காசை ஏழைக்குக் கொடுங்கள், பாஸ்குக் காலத்தில் சந்தோஷமாய்ச் சாப்பிடுங்கள், இராத்திரியில் ஜெபமாலை சொல்லுங்கள், சின்னதாயிருந்தாலும் நிறுத்தாதிருங்கள்.

வாலிபனே, உனக்கும் ஒரு வார்த்தை. உன்னிடம் இல்லாததை உண்டென்று சொல்லாதே. இல்லையென்பதையே ஆண்டவரிடம் வந்து சொல். அதைச் சொல்லுமிடம் கோவில்.

வருகிற ஞாயிறு மனம் வந்தாலும் வராவிட்டாலும், கால்கள் வரட்டும். மனதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்.