டீயைக் கீழே வைத்தவர்

அந்தப் பெரியவருக்கு ஸ்கோர் தெரியவில்லை. எந்தெந்தக் கல்லூரிகள் ஆடுகின்றன என்பதும் தெரியவில்லை. அணுசக்தி நகரிலிருந்து மகனின் மேட்ச் பார்க்க ஆசாத் மைதானத்துக்குப் போன அம்மாவுக்கு அன்றிலிருந்து இதே நினைப்பு.

"ஸ்கோர் எவ்ளோ ஆச்சுங்க ஐயா?"

"தெரியலையேம்மா. பயலுவ நல்லா ஆடுதானுவ."

தாராவியிலிருந்து வருகிறாராம், ஞாயிறானால் இங்கேதான். பேச்சு அதோடு முடிந்தது. சற்று நேரத்தில் ஒரு பையன் கவர் டிரைவ் அடித்தான். பெரியவர் கையிலிருந்த கட்டிங் சாய் கிளாஸைப் புல்லில் சாயாமல் பார்த்து வைத்தார், இரண்டு முறை கைதட்டினார், கிளாஸை எடுத்துக்கொண்டார். அடித்தவன் எதிரணி. அடுத்த ஓவரில் மகனின் அணிப் பையன் ஒருவன் பாய்ந்து கேட்ச் பிடித்து அவனையே வெளியே அனுப்பினான். மறுபடியும் கிளாஸ் கீழே, இரண்டு தட்டு, கிளாஸ் மேலே.

ஆசாத் மைதானத்தில் 22 பிட்சுகள். ஒரு மேட்சின் ஃபீல்டர் இன்னொரு மேட்சின் நடுவில் நிற்பார். பக்கத்து ஆட்டத்துப் பந்து காலடியில் வந்தால் எடுத்து எறிந்துவிட்டுத் தன் ஆட்டத்துக்குத் திரும்புவார். எனவே பெரியவர் எந்த மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே சந்தேகம்தான்.

மழை ஓய்ந்து, அக்டோபர் வெயிலும் தணிந்த பிறகு மும்பையின் சனி, ஞாயிறுகள் போதாமல் போகும். சண்முகானந்தாவில் கச்சேரி, செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸில் நாட்டியம், கல்லூரி மேட்சுகள், டிசம்பர் வந்தால் பவாய் ஐஐடியில் 1971-லிருந்து நடக்கும் மூட் இண்டிகோ கல்லூரி விழா. இடையில் மாத்தேரான் மலை. 1907-இல் போட்ட நேரல் பாதையில் அந்தக் குட்டி ரயில் மழைக்காலம் முழுக்க மேலே ஏறாது. அது மறுபடி ஓடத் தொடங்கினால் கூட்டமும் தொடங்கிவிடும். மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லாத ஊர், அமைதிக்காகத்தான் போவது. ஆனால் இறங்கியதும் குதிரைக்காரர் கேட்பது, எத்தனை பாயின்ட் பார்க்கணும் என்று. போன முறை இந்தக் குடும்பம் பன்னிரண்டு சொன்னது, பன்னிரண்டும் பார்த்தது. ஒவ்வொன்றிலும் போட்டோ இருக்கிறது. எது எந்தப் பாயின்ட் என்று வீட்டில் இன்றும் தகராறு.

மகன் அன்று எடுத்தது 17 ரன். அது அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பதினேழில் ஒரு ஷாட்கூடக் கண்ணில் நிற்கவில்லை. நிற்பது எதிரணிப் பையனின் அந்த டிரைவ். டீயைக் கீழே வைத்துப் பாராட்டப்பட்ட டிரைவ். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தலையாட்டியிருக்கலாமே, ஏன் அத்தனை சிரத்தை?

இந்த அம்மாவைச் சின்ன வயதில் அவருடைய அப்பா மாட்டுங்காவிலிருந்து சண்முகானந்தாவுக்கு நடத்திக் கூட்டிப்போவார். சட்டைப்பையில் சின்ன நோட்டு, பென்சில். பாட்டு, ராகம், தாளம் எல்லாம் வரிசையாக ஏறும். ராகம் பிடிபடாவிட்டால் கேள்விக்குறி. கேள்விக்குறி விழுந்த பிறகு அந்தப் பாட்டு அவர் காதில் ஏறாது. அடுத்த ஸீட்டுக்காரரிடம் கிசுகிசுத்து, அவரும் கைவிரித்து, வீடு திரும்பும் வழியெல்லாம் அதே புலம்பல்தான். தன் அம்மாவின் மடியில் தூங்கித் தூங்கி விழித்த குழந்தைக்குத்தான் கச்சேரி முழுதாகக் கிடைத்ததோ என்னவோ.

ஆனால் இன்னொன்றும் உண்டு. 1963-இல் திறந்த அந்த அரங்கம் 1990-இல் தீயில் அழிந்தது. புதிதாகக் கட்டி மறுபடி திறக்க 1998 ஆகிவிட்டது. பழைய அரங்கத்தின் சாயங்காலங்கள் இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த நோட்டுகளில் மட்டும்தான், கேள்விக்குறிகள் உட்பட.

கிரிக்கெட்டிலும் அதே கதை. 1988 பிப்ரவரியில் இதே ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டத்தில் சச்சினும் காம்ப்ளியும் பிரியாமல் 664 ரன் சேர்த்தார்கள். நேரில் பார்த்ததாகச் சொல்பவர்களை எல்லாம் நம்பினால் மைதானம் கொள்ளாது. யாரோ ஒருவர் பந்துக்குப் பந்து குறித்து வைத்ததால்தான் அந்த எண்ணாவது நிலைத்தது. எல்லோரும் டீயைக் கீழே வைத்துக் கைதட்டிவிட்டுப் போயிருந்தால்?

ட்ராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் இந்த அம்மாவிடம் அளக்காதே என்றால் நடக்குமா! அந்த நிலையத்தை நிறுவிய ஹோமி பாபாவும் அளவுகளின் மனிதர்தான். ஆனால் ஓவியம் வரைந்தவர், மேற்கத்திய இசையில் ஊறியவர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) சுவர்களில் உள்ள ஓவியங்கள் அவர் தொடங்கிய சேகரிப்பு. சிம்பனி கேட்கும்போது அவருக்குள்ளிருந்த கணக்காளர் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியை மாட்டுங்காவில் யார் வீட்டிலோ, பைண்டு செய்த தொகுப்பில் அம்மா படித்திருக்கிறார். யார் பாடிய கச்சேரி, என்ன ராகம், ஒன்றும் நினைவில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறியது நினைவிருக்கிறது. அப்படியானால் பெரியவர் பக்கம்தான் நியாயமோ என்று தோன்றும். உடனே மைதானத்து மரத்தடியில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பையன் நினைவுக்கு வருவான். ஒரு பந்தைக்கூட அவன் தவறவிட முடியாது. அங்கிருந்தவர்களில் அவன் அளவுக்கு ஆட்டத்தைப் பார்த்தவர் யார்? பெரியவர் சில பந்துகளின்போது காக்கையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்!

வரும் ஞாயிறு சண்முகானந்தாவில் கச்சேரி. நோட்டை எடுத்துப்போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. விட்டுவிட்டுப் போனாலும் மனசுக்குள் ராகத்தைத் துழாவிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய் என்கிறார் கணவர். இருக்கலாம்.