தகுதி ஆளுக்கா, செயலுக்கா?

குறுவை அறுவடை முடிந்ததும் தஞ்சை மாவட்டத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமாக நடப்பது இது. அம்பாரமாய்க் குவித்த நெல்லில் ஒரு கை அள்ளி ஈரப்பதமானியில் போடுகிறார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால், 'காயப் போட்டு எடுத்துட்டு வாங்க' என்று பதில் வரும். விவசாயி முணுமுணுப்பார், அளவைத் தளர்த்தச் சொல்லி மனுவும் கொடுப்பார். ஆனால் அந்தச் சோதனை ஏன் அங்கே என்று கேட்க மாட்டார். நெல்லை வாங்குகிற இடம் அது. அதே கருவியோடு ஒருவர் வரப்பில் நின்றுகொண்டு, வயலில் இறங்குகிற ஆட்களையெல்லாம் மறித்தால்?

ஜாவா நிரல்மொழியில் இணையப் படிவம் எழுதுகிறவர்கள் பலர் வரப்பில்தான் நிற்கிறார்கள். 'சேமி' பொத்தானை அழுத்தும்போது கைபேசி எண் சரியா என்று பார்ப்பது நியாயம். 'திரும்பு' என்று அழுத்தி வெளியேறப் பார்ப்பவரிடமும் 'எண்ணை நிரப்பவில்லை' என்று சிவப்பு எழுத்தில் சீறினால் என்ன செய்வது? ஸ்ட்ரட்ஸ் 2 என்ற ஜாவா கட்டமைப்பை உருவாக்கியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். இன்புட், பேக், கேன்சல், பிரௌஸ் என்ற நான்கு செயல்களுக்கும் அதில் இயல்பாகவே வேலிடேஷன் எனும் இந்தச் சோதனை கிடையாது. வேறு எதற்காவது வேண்டாமென்றால் அதன் தலையில் 'ஸ்கிப்வேலிடேஷன்' என்று ஒரு குறிப்புப் போட்டால் போதும்.

செயலைப் பார்த்துத் தகுதி கேட்கும் இந்தக் கணக்கு சைவ ஆகம மரபுக்குப் பழசு. ஐந்தெழுத்து ஓதச் சமய தீட்சை. சிவபூசை செய்ய விசேட தீட்சை. கோயிலில் ஊருக்காகப் பூசை செய்ய ஆசாரிய அபிடேகம். செயல் ஏற ஏறத் தகுதியும் ஏறும். (பிறப்பையும் சேர்த்தே பார்த்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

சும்மா நின்று கும்பிட?

தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்த சிவனடியார் ஆதனூர் நந்தனார் பூசை செய்யக் கேட்கவில்லை, பார்க்கத்தான் ஆசைப்பட்டார். பார்ப்பதற்கு எந்தத் தீட்சையும் வேண்டாம். ஆனால் சோதனை வாசலிலேயே நின்றது, அதுவும் பிறப்பைக் கேட்கிற சோதனை. பெரியபுராணத்தின்படி திருப்புன்கூரில் நந்தி விலகி அவருக்கு வழிவிட்டது. இன்றைக்கும் அங்கே நந்தி சன்னதிக்கு நேராக இல்லை. தில்லையிலோ தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் அவர் உள்ளே போக முடிந்தது. கதை சொன்னவர்கள் அவருடைய பக்தியை வியந்தார்கள். வாசலில் இருந்த சோதனையைத் தொடவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் நந்தனாரின் குல மக்களுக்குத் திறந்தது, சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த 1939-ல்தான்.