தாத்தாவின் வண்டி

பொய் சொல்லலாமா என்று கேட்டால் கூடாது என்றுதான் எல்லோரும் சொல்வோம். நான் கேட்க வந்தது வேறு. பொய் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்று ஒருத்தன் வாசலில் நிற்கிறான். சொன்னவன்மேல் குற்றமா, நிற்கிறவன்மேல் குற்றமா?

1996 மே மாதம். மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க எங்கள் ஊரின் பேர்பெற்ற மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போனோம். அவளுக்கு மூன்றரை வயசு. நான் கிளார்க். எங்க நைனா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. பாரத்தில் அப்பா படிப்பு, அம்மா படிப்பு, மாத வருமானம் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். போதாததற்கு எங்களுக்கும் இண்டர்வியூ. முந்தின ராத்திரி வீட்டில் ஒத்திகை நடந்தது. "தாத்தா என்ன வேலைன்னு கேட்டா கவர்மெண்ட்டு வேலைன்னு சொல்லு கண்ணு" என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். நைனா வெளியே திண்ணையில் படுத்திருந்தார். தூங்கிட்டாருன்னு நெனச்சோம்.

தலைமையாசிரியை அம்மா நிறம், பழம், மிருகம் எல்லாம் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, "வீட்ல யார் யார் இருக்காங்க? தாத்தா என்ன பண்றாங்க?" என்றார். குழந்தை ஒத்திகையை மறந்துவிட்டாள். "தாத்தா வண்டி வச்சிருக்காரு" என்றாள். "ஓ, என்ன வண்டி?" "பெரிய வண்டி!" கையை விரித்துக் காட்டினாள். குப்பை அள்ளும் தள்ளுவண்டி. அந்தம்மா என்ன நினைத்துக்கொண்டாரோ, தலையாட்டினார். நானும் என் வீட்டுக்காரியும் வாயைத் திறக்கவில்லை. சீட்டு கிடைத்தது.

சாயந்திரம் நைனா கேட்டார்: "அங்க என்னப் பத்தி எதுனா கேட்டாங்களாடா?" "இல்ல நைனா" என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, வீட்டில்தான் சொன்னேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்னே மேஸ்திரியைப் பிடித்து நைனா தன் லைனை மாற்றிக்கொண்டார். பத்து வருஷம் அள்ளிய பள்ளிக்கூடத் தெருவை வேறொருவர் அள்ளினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்க்கும் மெய்யின் இடம் உண்டு என்று வள்ளுவர் ஒரு வழி விட்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நன்மை மகளுக்கு, தீங்கு நைனாவுக்கு. அவரை மறைத்துத்தான் அவர் பேத்தி உள்ளே போனாள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி 1939-இல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். பள்ளியில் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். நெருங்கிப் பழகினால் சாதியும் குடும்பமும் தெரிந்துபோகும் என்று பயந்து, வெளியிலேயே இருந்துவிட்டு மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் போய்ப் பேசிய மனிதர், சிறுவனாக மணிச் சத்தத்துக்காகக் காத்து நின்றிருக்கிறார். அவர் மறைத்ததை ஒழுக்கக்கேடு என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

பெற்றோர் படித்தவர்களாக இருந்தால்தான் வீட்டுப்பாடம் சொல்லித் தருவார்கள் என்று பள்ளிக்காரர்கள் நியாயம் பேசுவார்கள். அப்படியானால் கல்வியைக் கொடுக்க வேண்டிய இடம், கல்வியை வாசலிலேயே கட்டணமாகக் கேட்கிறது. பழைய மாணவர் பிள்ளைக்கு முன்னுரிமை என்கிறார்களே, அது என்ன? நம்மைப் பார்த்து தகுதி, திறமை என்று ஓதுகிறவர்கள் அங்கே பிறப்பைத்தானே எடை போடுகிறார்கள்!

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. அதன் 13-வது பிரிவு பதிலைத் தண்டிக்கவில்லை, கேள்வியைத் தண்டிக்கிறது. குழந்தையையோ பெற்றோரையோ சலித்து எடுத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. (பெரிய பள்ளிக்கு இது ஒரு பிள்ளையின் ஒரு டேர்ம் பணம்கூடத் தேறாது என்பது வேறு கதை.) 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக்கு என்பதை 2012-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-இல் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்தது. ஏழைகளுக்கென்று வந்தவர் பேரில் நடக்கும் பள்ளிகள் எத்தனை அந்த விலக்கில் ஒதுங்கிக்கொண்டன என்பதை நம் தலித் கிறித்தவத் தோழர்கள் பேச வேண்டும்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமென்றால் குலுக்கல். ஒரு தோழர் கோபப்பட்டார்: "பகுத்தறிவு பேசிட்டு புள்ளைங்க படிப்பை அதிர்ஷ்டத்துல விடுறதா? கோத்தாரி கமிஷன் 1966-லேயே பொதுப்பள்ளி கேட்டுச்சே!" அவர் சொல்வது நியாயம். பொதுப்பள்ளிதான் வேண்டும், அது வரும்வரைக்கும் எனக்குக் குலுக்கல் டப்பா பரவாயில்லை. அதுக்குத் தாத்தா தெரியாது.

ஆனால் வாசலில் நின்றவன் எங்கே போனான்? உள்ளே போய்விட்டான். 2018-இல் எங்க தெருப் பெண் ஒருத்தியின் மகனுக்குக் குலுக்கலில் இடம் விழுந்தது. அவளும் நகராட்சியில் பெருக்குகிறவள். வகுப்பில் "ஆர்.டி.ஈ. பிள்ளைங்கல்லாம் எழுந்திரு" என்பார்களாம். பையன் வீட்டுக்கு வந்து, "ஆர்.டி.ஈ.ன்னா நம்ம சாதியாம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

மறுநாள் வேலை முடிந்து, போட்டிருந்த யூனிபாரச் சட்டையோடவே அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். "நான் முனிசிபாலிட்டியில கூட்டுறவ. எம் புள்ளைக்குப் பேரு வச்சிருக்கேன், பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றாளாம். என்னிடம் சொல்லும்போது அதை ஒரு பெரிய விஷயமாகவே சொல்லவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது.

இப்போ பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்களாம். புத்தகத்துக்கு மட்டும் காசு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதுக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்தாள். எழுதிக் கொடுத்தேன்.